பெயரை மட்டும் எடுத்தோம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. "எங்கள் காலத்தில்" என்று தொடங்கி உங்களைத் தூங்க வைத்துவிடுவோம் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். சொல்வதற்குக் கதைகள் நிறைய இருக்கின்றன. கூரை ஒழுகி சர்வருக்குக் குடை பிடித்த கதை இருக்கிறது. அட்டை ஏறிய காலோடு ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் கம்பளத்தில் நின்ற கதையும் இருக்கிறது. அவற்றை நேரில் வந்தால் சொல்கிறேன், பிளேன்டீயும் தருகிறேன். எழுதி வைக்கவேண்டியது ஒன்றுதான். அது சிரிக்கிற கதை இல்லை.

அதில் ஒரு பெண் வருகிறாள். அவள் பெயரை நான் சொல்லமாட்டேன். தோட்டத்தின் பெயரையும் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் எண்ணையும் சொல்லமாட்டேன். உடப்புசல்லாவைப் பக்கமா, வலப்பனைப் பக்கமா என்று யாரும் என்னிடம் வந்து கேட்கவேண்டாம். ஏன் இந்தப் பிகு என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் நிறுவனம் அப்போது ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. கடை அண்ணனுடையது, மாடி தம்பியுடையது. அந்தத் தம்பிதான் எங்கள் முதலாளி. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் நானாதான். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனாலும் நான் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்காமல் பதில் சொல்லமாட்டார். "சூடா கேக்கிறவனுக்கு சூடா பதில் சொன்னா ரெண்டு பேருக்கும் வாய் வெந்துரும் தங்கச்சி" என்பார். நிதானம் என்றால் என்ன என்று நான் பார்த்தது அவரிடம்தான். அதனால்தான் நடந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை.

என் பொறுப்பு தரவுத்தளம். யாருக்கு எந்தக் கதவு திறக்கும், யாருக்குத் திறக்காது என்று பார்த்துக்கொள்வது. நான் வட்டவளையில் லயத்தில் பிறந்தவள், அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். இந்தக் கதைக்கு அந்த விஷயம் தேவைப்படுகிறது, அதனால் சொல்கிறேன்.

ஒரு தொண்டு நிறுவனம் சில தோட்டங்களில் தாய் சேய் நலத் திட்டம் ஒன்றை நடத்தியது. தோட்டத்துக்கு வரும் மருத்துவமாது வீடு வீடாகப் போய், யார் கர்ப்பிணி, யாருக்கு எப்போது கிளினிக், யார் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எந்த முறையில் இருக்கிறார் என்பதையெல்லாம் ஒரு டேப்லட்டில் பதிவார். அது எங்கள் தரவுத்தளத்துக்கு வந்து சேரும். அதிலிருந்து எண்ணிக்கைகளை மட்டும் எடுத்து ஒரு டேஷ்போர்டில் காட்டவேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை பேர் கிளினிக்குக்கு வந்தார்கள், அவ்வளவுதான். திட்டக்காரர்களும் தோட்டத்து ஆபீசும் பார்ப்பார்கள்.

அந்தத் தோட்டத்து மருத்துவமாதை எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். டேப்லட்டைக் கொடுக்கப் போன அன்று அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"ஆபீஸ்ல இருக்கிறவங்க இத பாப்பாங்களா?" என்று கேட்டார்.

"எண்ணிக்கைய பாப்பாங்க மிஸ்ஸி" என்றார் நானா.

"எண்ணிக்கைய மட்டுமா?"

"எண்ணிக்கைய மட்டுந்தான்."

"கருத்தடை ஊசி போட்டுக்கிற பொம்பளைங்க பாதிப் பேரு வீட்டுக்குத் தெரியாமத்தான் போட்டுக்கிறாங்க. புருசனுக்குத் தெரியாது, மாமியாளுக்குத் தெரியாது. என்னைய நம்பி வாராங்க. இது வெளிய போச்சுன்னா அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நா லயத்துப் பக்கம் போறது?"

"யாருக்கும் தெரியாது. நா சொல்றேன்" என்றார் நானா. அவர் சும்மா வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. மிஸ்ஸிக்கும் அது முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கவேண்டும். டேப்லட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த டேஷ்போர்டு பிரவுசரில் ஓடுகிற விஷயம். பார்ப்பவரின் கணினியில், அவர் கையில் இருக்கிற பக்கம். அதை நேராகத் தரவுத்தளத்தோடு கட்டிவிட்டால் தரவுத்தளத்தின் சாவியையும் அந்தப் பக்கத்திலேயே வைத்துத்தான் கொடுத்தாகவேண்டும். அதனால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். கீழே துணிக்கடையில் பாருங்கள், நீங்கள் கேட்டதைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் எடுத்துத் தருகிறார். நீங்களே உள்ளே போய் ராக்கையில் கை வைப்பதில்லை. அந்தக் கவுண்டர்க்காரர் வேலையைச் செய்கிற நடுப்பகுதி நம் சர்வரில் இருக்கவேண்டும். சாவி அவரிடம் இருக்கவேண்டும், கூட்டல் கழித்தல் எல்லாம் அங்கேயே நடந்து, விடை மட்டும் பிரவுசருக்குப் போகவேண்டும். இது உங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம். எங்களுக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது. தெரியாமல் நடந்த தவறு என்றால் மனது இவ்வளவு வலிக்காது.

நடுப்பகுதி பாதி எழுதியிருந்த சமயத்தில் என் அம்மா தவறிவிட்டார். கருமாதி முடியும்வரை நான் வட்டவளையில் இருந்தேன். அந்த நாட்களில் மழை வேறு. டவுனில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. நடுப்பகுதியை எழுதிக்கொண்டிருந்த பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். திட்டத்தின் பெரியவர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அவர்கள் திருப்தியாகத் திரும்பிப் போனால்தான் மற்றத் தோட்டங்களுக்கும் மிஸ்ஸிகள் கிடைப்பார்கள். நானாவுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. கர்ப்பிணிப் பெண்களை லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதை மலையில் பார்த்து வளர்ந்தவர் அவர்.

அதனால் அவர் ஒரு முடிவு எடுத்தார். டேஷ்போர்டை நேராகத் தரவுத்தளத்தோடு கட்டிவிடுவது, பெரியவர்கள் வந்து போனதும் மாற்றிவிடுவது. கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. முதலில் தகவலை ஒரு தனிப் பிரதி எடுத்தார். அதிலிருந்து பெயர்களை அடியோடு நீக்கினார், அடையாள அட்டை எண்களையும் போன் நம்பர்களையும் நீக்கினார். எதையும் மாற்றமுடியாத, வாசிக்க மட்டும் முடிகிற சாவியைத்தான் பக்கத்தில் வைத்தார். சாவி வாசலிலேயே தொங்கினாலும் உள்ளே எடுத்துப்போக ஒன்றும் இல்லை என்பது அவர் கணக்கு.

வருகை நன்றாக நடந்தது. தோட்டத்து ஆபீசுக்கும் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது, திங்கட்கிழமை கொழும்புக்கு வந்து தங்கள் கூட்டத்தில் காட்டச் சொன்னார்கள். நானா கொழும்புக்குப் போனார். நான் அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பினேன்.

என் மேசையில் உட்கார்ந்ததும் டேஷ்போர்டைத்தான் திறந்தேன். அழகாக வந்திருந்தது, சொல்லாமல் இருக்கக்கூடாது. பச்சை நிறத்தில் தோட்டத்தின் வரைபடம், பிரிவு பிரிவாக எண்கள். நடுப்பகுதி இல்லாமலே ஓடுகிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பெயர்களை எடுத்துவிட்டோம் அக்கா என்று பக்கத்து மேசைப் பிள்ளை சொன்னாள். சரி, நானா யோசித்துத்தான் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஓரத்தில் சின்னதாக ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறி கண்ணில் பட்டது. வரைபடங்களுக்கு நாங்கள் எடுத்துப் பயன்படுத்திய ஆயத்த மென்பொருள் பாகத்தோடு தானாக வந்த பொத்தான் அது. யாரும் அதை வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அழுத்தினேன்.

எண்ணிக்கைகளுக்குப் பின்னால் இருந்த வரிகள் அத்தனையும் அட்டவணையாக வந்து விழுந்தன. பிரவுசர்தானே கூட்டிக்கொண்டிருந்தது, கூட்டுவதற்கு எல்லா வரிகளும் அங்கே வந்திருந்தன. பெயர் இல்லைதான். பிரிவு, லயம், காம்பரா, வயது, முறை, திகதி. வரைபடத்தில் லயம் லயமாக நிறம் தீட்டவேண்டும் என்பதால் லயத்தையும் காம்பராவையும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது வெறும் எண். உங்களில் பலரும் அப்படித்தான் வாசித்திருப்பீர்கள். லயத்தில் காம்பரா எண், அதாவது அறை எண்தான் ஆளின் அடையாளம். கடிதம் அப்படித்தான் வரும், கல்யாணப் பத்திரிகை அப்படித்தான் போகும், அம்மனுக்கு வரி தண்டுகிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் அம்மா பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, "ரெண்டாம் லயத்து அஞ்சாம் காம்பராக்காரி" என்றால் மலையே கை காட்டும். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். அதில் முப்பது வயதில் ஒரே ஒரு பெண்தான் இருப்பாள். முறை என்ற இடத்தில் ஊசி என்று எழுதியிருந்தது. நானா நீக்கிய பெயர்கள் அத்தனையும் காம்பரா எண்ணாக அந்த அட்டவணையில் அப்படியே இருந்தன, எனக்கு ஒவ்வொன்றாக வாசிக்கவே முடிந்தது.

நானாவுக்குப் போன் போட்டேன். அடைத்து வைத்திருந்தார், கூட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். இந்த நேரத்தில்தான் திரையில் அதே பக்கத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார். நான் தரவுத்தளத்தில் அந்தச் சாவியைச் செத்துப்போகச் செய்தால், கொழும்பில் பெரியவர்கள் முன்னால் அவர் திரை வெள்ளையாகிவிடும். அவரைக் கேட்காமல் செய்த வேலையாகவும் ஆகும். கூட்டம் முடிகிறவரை பொறுக்கலாம், இவ்வளவு நாள் இருந்ததுதானே என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தின் குரல் எப்போதும் ரொம்ப மரியாதையாக, ரொம்ப நியாயமாக இருக்கும், நீங்களும் கேட்பீர்கள். நான் சாவியை நிறுத்தினேன்.

சற்று நேரத்தில் போன் வந்தது.

"தங்கச்சி, பக்கம் விழுந்திருச்சி. என்னாண்டு பாருங்க, எல்லாரும் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க."

"விழல்ல நானா. நாந்தான் நிப்பாட்டினேன்."

"சொல்லிட்டு செஞ்சிருக்கலாமே" என்றார். கோபம் இல்லை, களைப்பு மட்டும்.

"போன் அடைச்சிருந்திச்சி. நானா, அதுல காம்பரா நம்பர் இருக்கு."

"பேர் இல்ல தானே."

"லயத்துல காம்பரா நம்பர்தான் பேரு. யாரு ஊசி போட்டாங்கன்னு என்னால இங்க இருந்தே சொல்ல முடியும். டவுன்லோட் பண்ற பட்டனும் இருக்கு."

அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பது கேட்டது. நானா போனை வைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்களிடம் சொன்னார்: மின்சாரப் பிரச்சினை இல்லை, இணையப் பிரச்சினை இல்லை, நாங்கள் ஒரு தவறு செய்துவிட்டோம், அதனால் நாங்களே நிறுத்தியிருக்கிறோம். பொய் சொல்ல அந்த இடத்தில் எவ்வளவு வசதி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஹட்டனில் மழை என்றால் போதும்.

அடுத்ததாக மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஒரு பிரச்சினை வந்திருக்கிறது என்று இழுத்தேன்.

"இப்பத்தான் ஒங்களுக்குத் தெரியுதா?" என்றார் மிஸ்ஸி. "காலையில பெரட்டுக்களத்துல எல்லாம் முடிஞ்சிருச்சு."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி வேலை பிரிக்கிற நேரம். ஆணும் பெண்ணும் கூடையும் கத்தியுமாக நிற்பார்கள். அங்கே ஒரு சொல் விழுந்தால் கொழுந்து எடுக்கிற மலை எல்லாவற்றுக்கும் அது போய்விடும்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் கிளாக்கர் டேஷ்போர்டைத் திறந்து பார்த்திருக்கிறான். பூட்டை உடைக்கவில்லை, சாவியைத் திருடவில்லை. நான் அழுத்திய அதே பொத்தானை அவனும் அழுத்தியிருக்கிறான். அவனும் லயத்தில் பிறந்தவன்தான், என்னைப்போலவே வாசித்துவிட்டான். வேடிக்கையாக நினைத்து ஒரு நண்பனுக்குப் போனில் அனுப்பியிருக்கிறான். அந்த நண்பனுக்கும் நான் முதலில் சொன்ன பெண்ணின் புருசனுக்கும் கோயில் திருவிழாவில் ஏதோ வாய்த்தகராறு. திங்கள் காலை பெரட்டில் எல்லோர் காதிலும் விழும்படி நண்பன் அந்தப் புருசனைக் கேட்டிருக்கிறான், "மகன் வேணும்னு கோயில் கோயிலா போறியே, ஓம் பொஞ்சாதி ஊசி போட்டுக்கிட்டுல்ல இருக்கு, ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் உயிர் போய் வந்தவள். இனி ஒன்று வேண்டாம் என்று அவள் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை, அதனால் மிஸ்ஸியிடம் வந்தாள். பெரட்டில் சிலர் சிரித்திருக்கிறார்கள். புருசன் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினான். கொஞ்ச நேரத்தில் அவளை ஒரு பையோடு அவள் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ்சில் ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் இங்கேதான் என்று மாமியார் சொல்லிவிட்டார். அப்போது அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தன, அம்மா போனதையே பார்க்கவில்லை.

நான் அந்த அம்புக்குறியை அழுத்திய நேரத்தில் அவள் பஸ்சில் இருந்திருப்பாள். சாவியை நிறுத்தியது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் சரியான காரியத்தைப் பிந்திச் செய்தால் அதனால் யாருக்கு என்ன ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாவியை நிறுத்தினீர்களே என்று பிறகு பலர் என்னைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்விடலாம்போல இருந்தது.

மறுநாள் நானா கொழும்பிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தோட்டத்துக்கு வந்தார். நானும் போனேன். கிளினிக் கட்டிடத்தின் முன்னால் மிஸ்ஸி நின்றிருந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"நீங்க எனக்கு வார்த்தை குடுத்தீங்க. அத நம்பித்தான் நா அவங்களுக்கு என் வார்த்தைய குடுத்தேன். இப்ப நீங்க ஹட்டனுக்குப் போயிருவீங்க. நா எங்க போறது?"

மழை, காய்ச்சல், அவசரம், எதையும் நானா எடுத்துச் சொல்லவில்லை. "எம் பிழைதான் மிஸ்ஸி" என்று மட்டும் சொன்னார். சூடாகக் கேட்டதற்கு அவர் உடனே பதில் சொன்னதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கேள்வி மற்றப் பெண்களைப் பற்றியது. அந்த அட்டவணையில் அவள் ஒருத்தி மட்டும் இல்லையே. மூவரும் ஆபீசுக்குப் போனோம், கிளாக்கர் அழுதுகொண்டே போனைக் காட்டினான், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றான். அவன் அனுப்பியது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அவனுக்கே தெரியாது. ஆபீசில், பேசாமல் விட்டால் அப்படியே அமுங்கிவிடும், கிளறவேண்டாம் என்றார்கள். எனக்கும் ஒரு நிமிடம் அது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது.

"அவங்களுக்குத் தெரியணும்" என்றார் நானா. "பெரட்டுல கேட்டுத் தெரிஞ்சிக்கிறத விட மிஸ்ஸி வாயால கேக்கிறது நல்லம்."

"நா அவங்க காம்பராவுக்குப் போனா, அதப் பாத்தே யாரு யாருன்னு லயமே தெரிஞ்சிக்கும்" என்றார் மிஸ்ஸி. பிறகு சொன்னார், "எல்லாக் காம்பராவுக்கும் போறேன். ஒண்ண விடாம. கெழவன் மட்டும் இருக்கிற காம்பராவுக்கும் போறேன்."

அப்படித்தான் செய்தார். அந்த வாரம் முழுக்க மழையில் ஒவ்வொரு லயமாக, ஒவ்வொரு காம்பராவாகப் போனார். குடை பிடிக்க நானும் கூடப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி உட்கார்ந்தார், ஒரே அளவு நேரம் இருந்தார், பிரஷர் பார்த்தார், பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார். சொல்லவேண்டிய வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லவேண்டியது இல்லாத வீட்டிலும் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். வெளியே நின்ற எனக்கே எது எந்த வீடு என்று தெரியவில்லை. ஒரு தகவலை எப்படிக் காப்பது என்று நான் படித்த படிப்பில் இதற்குப் பக்கத்தில் வருகிற எதுவும் இல்லை. அதை அவர் செய்யவேண்டி வந்ததே எங்களால்தான் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மற்றவர்கள் தப்பித்தார்கள், அவரவர் ஒரு பொய்யைத் தயார்செய்து வைத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிளினிக் நாட்களில் பெண்கள் காத்திருக்கும் வாங்கு காலியாகக் கிடந்தது. வசதி உள்ளவர்கள் நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப்போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்கள் போடாமல் விட்டார்கள். அதனால் பிறந்த பிள்ளைகளும் உண்டு. நல்லபடியாக வளரட்டும், நான் வேறென்ன சொல்ல.

நானாவும் நானும் அவள் அம்மா வீட்டுக்குப் போனோம். அவள் வெளியே வரவில்லை. அவள் அம்மா எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார், யார் என்று சொன்ன பிறகும் கொடுத்தார். மிஸ்ஸியும் கிராம உத்தியோகத்தரும் புருசன் வீட்டில் பேசிப் பார்த்தார்கள். பிள்ளைகளை விடமாட்டோம் என்றார்கள். வழக்குப் போட்டாள், அது இழுத்துக்கொண்டே போனது.

நடுப்பகுதியை ஒழுங்காகக் கட்டி முடித்தோம். சாவி சர்வரை விட்டு வெளியே வருவதில்லை. கூட்டல் அங்கேயே நடக்கிறது. ஒரு லயத்தில் ஒன்றிரண்டு பேர்தான் என்றால் அந்த எண்ணையே காட்டுவதில்லை, ஏனென்றால் ஒரு லயத்தில் ஒருத்தர் என்று சொல்வது எண்ணிக்கை ஆகாது. நீங்கள் இன்று வேலை செய்கிற அமைப்பு அதுதான். அது ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்திருக்கிறது. பிரவுசருக்குப் போனது வெளியே போனது என்று நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரிகிறதா இல்லையா என்பது வேறு விஷயம். "பெரியவர்கள் வந்து போகிறவரைக்கும்" என்று யாராவது சொன்னால் அந்த இடைவெளியில் யார் யார் வந்து போகக்கூடும் என்று கேளுங்கள். பெயரை எடுத்துவிட்டோம் என்று சொன்னால், அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நானா அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் அதைச் செய்தார். இன்னொன்றும் அவரிடம் மாறியது. "யாருக்கும் தெரியாது" என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தீபாவளி நெருக்கத்தில் கீழே துணிக்கடையில் ஒரே கூட்டம். அந்த நாட்களில் நானா மாடியைப் பூட்டிவிட்டு அண்ணனுக்கு உதவியாகக் கவுண்டரில் நின்று துணி வெட்டுவார். நான் வீட்டுக்குப் போக இறங்கி வந்தபோது ஒரு பெண் என் கையைத் தொட்டாள். எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த அவள் அம்மாவின் ஜாடை அப்படியே இருந்தது, அதனால்தான் தெரிந்தது.

"நீங்கதானே அன்னைக்கி எங்கம்மா வீட்டுக்கு வந்த அக்கா? ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கம்மா."

"அந்தக் கம்பியூட்டர்ல நா இன்னும் இருக்கேனா?"

"இல்லம்மா. எங்ககிட்ட இருந்தத அழிச்சிட்டோம்."

"வேற யாருகிட்டயாச்சும் இருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அந்தக் கூட்டத்தில் என்னை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரிந்தது. கவுண்டருக்குப் பின்னால் நானா கையில் கத்தரிக்கோலோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாதும்மா" என்றேன். "இருக்கலாம்."

தலையை ஆட்டிக்கொண்டாள். என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. கவுண்டரில் பூப்போட்ட துணி ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு கவுனுக்கு வெட்டுங்க மொதலாளி. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. மிஸ்ஸி கொண்டுபோய் குடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க."

"பிள்ளைங்க எவ்வளவு ஒசரம்?" என்று கேட்டார் நானா. கடையில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அவள் கையை இடுப்பளவில் வைத்தாள். பிறகு கொஞ்சம் உயர்த்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"தெரியல்ல" என்றாள். "கொஞ்சம் கூடவே வெட்டுங்க."